முதல் முறை தனியாக வெளிநாட்டு விமானம் ஏறுபவர்களுக்கு





நம் குடும்பங்களில் பலர் முதன்முதலாக விமானம் ஏறுவது உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோதான். அந்தப் பயணத்தில் குழுவை நடத்திச் செல்பவர் ஒருவர் இருப்பார். பாஸ்போர்ட்டுகளைச் சேர்த்து அவரே கையில் வைத்துக்கொள்வார். "இந்த வரிசையில் நில்லுங்கள்" என்பார், நிற்போம். "பெட்டியை இங்கே வையுங்கள்" என்பார், வைப்போம். ஜித்தாவில் இறங்கும்வரை பெரும்பாலான கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.

தனியாகப் போகும்போது நிலைமை வேறு. மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா புறப்படும் தாய், மேல்படிப்புக்கு லண்டன் போகும் மாணவி, கணவர் இருக்கும் துபாய்க்குப் போகும் புதுமணப்பெண், முதல் வேலைக்கு வளைகுடா போகும் இளைஞர் ஆகியோர் கையில் ஒரு பிளாஸ்டிக் பைல் இருக்கும். அதைத் தயார் செய்தது மகனாகவோ ஏஜென்ட்டாகவோ இருக்கும். பெட்டியைக் கட்டியது வீட்டிலுள்ள நான்கு பேர். ஆனால் விமான நிலையத்தில் கேள்வி கேட்கும் அதிகாரிக்கு மகனும் தெரியாது, ஏஜென்ட்டும் தெரியாது. பெட்டியில் என்ன இருக்கிறது, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பயணியைத்தான் கேட்பார்.

இந்தக் கட்டுரையின் சாரம் இதுதான்: விமானத்தில் உட்கார்ந்து போவது எளிது. தன் காகிதத்தையும் தன் பெட்டியையும் தானே அறிந்து புறப்படுவதுதான் பயணியின் உண்மையான வேலை. அதற்கு வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

பாஸ்போர்ட்டும் பெயரும்

பல நாடுகள், நாம் போய்ச் சேரும் நாளிலிருந்து பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. டிக்கெட் எடுக்கும் முன்பே அந்தத் தேதியைப் பாருங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊரில் தந்தை பெயரை இனிஷியலாகப் போடுவதே வழக்கம். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. அதனால் பலருடைய பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் இருக்கும், குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கமும் அதன்பின் வந்தது. ஆனாலும் கவுண்டரில் வாதாடும் நிலை வேண்டாம். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே தந்தை பெயரை விரித்து எழுதி, குடும்பப் பெயர் இடத்தை நிரப்பிவிடுவது நல்லது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு, பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகள் முதல் பெயராக அச்சாகி வரும். அது பிழை என்று பயப்பட வேண்டாம்.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்க வேண்டும். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பது நமக்குத் தெரியும். டிக்கெட் வந்த அன்றே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அன்றே தெரிந்தால் திருத்துவது எளிது. விமான நிலையத்தில் தெரிந்தால் கடினம்.

வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். வகையில் வரும். அவர்கள் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போக, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும். சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இந்த அனுமதி இ-மைகிரேட் என்ற அரசு இணையதளம் வழியாகக் கிடைக்கிறது. இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும்.

"முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே போனபின் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் நம் பகுதியிலும் உண்டு. அப்படிப் போகிறவருக்கு அரசுப் பதிவு இருக்காது, ஒப்பந்தம் இருக்காது. இ.சி.ஆர். வகையில் வேலைக்குப் போவோருக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் இருக்காது. அந்தக் காப்பீட்டில் விபத்து மரணம், நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு 10 லட்சம் ரூபாய். பிரீமியம் 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய் மட்டுமே. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைகிரேட் தளத்திலேயே பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அதன் அறிவிப்புகளையும் பாருங்கள்.

டிக்கெட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

கோவை பீளமேட்டிலிருந்து ஷார்ஜா, சிங்கப்பூர் போன்ற மிகச் சில ஊர்களுக்குத்தான் நேரடி விமானம் உண்டு. இரண்டும் நாலு, நாலரை மணி நேரப் பயணம். அதற்கு மேல் நீண்ட பயணம் என்றால் சென்னை, பெங்களூர், கொச்சி, அல்லது ஏதாவது வெளிநாட்டு நிலையத்தில் விமானம் மாற வேண்டும். துபாயிலிருந்து நியூயார்க் போக மட்டும் சுமார் 14 மணி நேரம் ஆகும்.

டிக்கெட்டில் மூன்று விஷயங்களைப் பயணியே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, தேதி. வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் புறப்படுகின்றன. 15-ஆம் தேதி 02.10 என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும். டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

இரண்டு, பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டா, இரண்டு தனித்தனி டிக்கெட்டா என்பது. ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால் பொதுவாகப் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் வேறு விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. காசு குறைகிறது என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் நடுவழியில் பெட்டியை வெளியே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டி வரலாம். அதற்காக அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். முதல் முறை தனியாகப் போகிறவருக்கு இரண்டு டிக்கெட் வேண்டாம். நாலாயிரம், ஐயாயிரம் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

மூன்று, மாறும் ஊர். துபாய், அபுதாபி, தோஹா, சிங்கப்பூர் போன்ற நிலையங்களில் உள்ளேயே இருந்து விமானம் மாற இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. லண்டன் வழியாகப் போனால் டிரான்சிட் விசா கேட்பார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா விசா போன்றவை இருப்பவர்களுக்கு இதில் விலக்கு உண்டு.

கொச்சியிலிருந்து விமானம் என்றால் பாலக்காடு, திருச்சூர் வழியாக நெடும்பாசேரிக்கு நாலு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளிப் பக்கம் இருக்கிறது. கோவையிலிருந்து போகும் பஸ் நகரத்தின் தெற்கே இறக்கிவிட்டால், நகரம் முழுவதையும் கடந்துதான் அங்கே போக வேண்டும்.

பெட்டியில் என்ன வைக்கிறோம்

எகானமி வகுப்பில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. பெரிய பெட்டியின் எடை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எங்கும் ஏற்கமாட்டார்கள். வீட்டிலேயே எடை போட்டு, ஒரு கிலோ குறைவாகவே கட்டுங்கள்.

பாஸ்போர்ட், பணம், நகை, மாத்திரை, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே வைக்கலாம், பெரிய பெட்டியில் வைக்கக்கூடாது. 20,000 எம்.ஏ.எச். அளவுள்ள சாதாரண பவர் பேங்க் எடுத்துப் போகலாம். ஆனால் எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள் 2025 முதல் அதை விமானத்துக்குள் பயன்படுத்தத் தடை விதித்துள்ளன. கைப்பையில் திரவப் பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லி பாட்டிலுக்கு மேல் கூடாது. அத்தர் பாட்டிலுக்கும் இதே விதிதான்.

இப்போது நம் சமையலறைக்கு வருவோம். பாசத்தோடு கட்டிக் கொடுக்கும் பொட்டலங்களில்தான் ஆபத்து அதிகம்.

கசகசா: குருமாவுக்கும் பிரியாணிக்கும் நாம் அரைத்து ஊற்றும் சாதாரணப் பொருள். அது அபின் செடியின் விதை என்பதால் அமீரகம், சவூதி, சிங்கப்பூர் நாடுகளில் தடை செய்யப்பட்டது. அங்கே அது போதைப்பொருள் தொடர்பான குற்றமாகப் பார்க்கப்படும். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொப்பரை: காங்கேயம் பக்கத்துச் சொந்தங்கள் ஆசையோடு கொடுப்பார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த காய்ந்த தேங்காய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமானத்தில் எடுத்துப் போகத் தடை உள்ளது. பெட்டியைத் திறந்து எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

வெற்றிலை, பான், புகையிலை: துபாயில் பானுக்கும் வெற்றிலைக்கும் தடை. மெல்லும் புகையிலைக்கும் சூயிங்கம்முக்கும் சிங்கப்பூரில் தடை. பழக்கமுள்ள பெரியவர்கள் இடுப்பிலோ சுருக்குப் பையிலோ மறந்து வைத்திருப்பார்கள். புறப்படும் முன் நினைவூட்டுங்கள்.

இறைச்சி, நெய், பால் இனிப்பு: உப்புக்கண்டம் எந்த மேலைநாட்டுக்கும் வேண்டாம். பிரிட்டன் இறைச்சியையும் பால் பொருளையும் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கையில் இருக்கும் எல்லா உணவையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், சில நேரம் விசாவே ரத்து.

மருந்து: மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை போன்றவை வளைகுடாவில் கட்டுப்படுத்தப்பட்டவை. அமீரகத்துக்கு அவற்றைக் கொண்டுபோக அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்அனுமதி பெற வேண்டும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்கு அறையின் குளிரில் அது உறைந்து கெடும்.

பிறர் கொடுக்கும் பொட்டலம்

2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த இளம் தம்பதி ஒருவர் தோஹாவில் இறங்கினார்கள். மனைவி கருவுற்றிருந்தார். அந்தப் பயணத்தையே பரிசாக ஏற்பாடு செய்து கொடுத்த நெருங்கிய உறவினர், புகையிலைப் பொட்டலம் என்று சொல்லி ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே இருந்தது சுமார் 4 கிலோ ஹஷீஷ். இருவருக்கும் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குழந்தை சிறையிலிருக்கும்போதே பிறந்தது. ஊரில் குடும்பத்தார் போராடி, இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு விசாரித்து உண்மையைக் கண்டறிந்து, அதன்பின் மேல்முறையீட்டில் விடுதலையாகி 2021 ஏப்ரலில்தான் அவர்கள் ஊர் திரும்பினார்கள். கொடுத்தவர் அந்நியர் அல்ல, சொந்தம் என்பதைக் கவனியுங்கள்.

சிங்கப்பூர் சட்டம் இன்னும் கடுமையானது. போதைப்பொருள் உங்கள் பெட்டியில் இருந்தால் அது உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை வரை போகும்.

ஆகவே, "நம்ம பையனுக்குக் கொஞ்சம் பலகாரம், கொடுத்துடும்மா" என்று பக்கத்து வீட்டார் கேட்டால் என்ன செய்வது? அமானிதத்தைச் சுமப்பது நல்ல காரியம்தான். ஆனால் எதைச் சுமக்கிறோம் என்று தெரியாமல் சுமப்பது அமானிதம் ஆகாது. மூன்று நிபந்தனை வையுங்கள். பொருளைத் திறந்த நிலையில் கொடுக்க வேண்டும். உங்கள் கண்முன் நீங்களே கட்ட வேண்டும். கொடுப்பவரையும் அங்கே வாங்குபவரையும் உங்கள் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் நீட்டப்படும் எதையும் வாங்காதீர்கள். "எங்க வீட்டுல வாங்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிடுங்கள். முகதாட்சண்யம் பார்க்கும் பெண்களும் இளைஞர்களும் இப்படிச் சொல்லித் தப்பிக்க, குடும்பத் தலைவர் தாமே முன்கூட்டி அந்த உத்தரவைப் போட்டுவிட வேண்டும்.

விமான நிலையத்தில் நடப்பவை

மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். வாசலில் காவலர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்து உள்ளே விடுவார். அதற்கப்பால் குடும்பத்தார் வர முடியாது. முதலில் விமான நிறுவனத்தின் கவுண்டர். அங்கே பெட்டியைக் கொடுத்து போர்டிங் பாஸ் வாங்க வேண்டும். விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டு போர்டிங் பாஸ் கேளுங்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் மூன்று எழுத்துக் குறியீடு இருக்கும், துபாய்க்கு டி.எக்ஸ்.பி., சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என். என்பதுபோல. அது உங்கள் கடைசி ஊரின் குறியீடுதானா என்று பாருங்கள். "பெட்டியை நான் எங்கே எடுக்க வேண்டும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்தக் கவுண்டர் பெரும்பாலும் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும்.

அடுத்தது இமிக்ரேஷன். எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டு முத்திரை குத்துவார்கள். பிறகு பாதுகாப்புச் சோதனை. பெண்களைத் திரை மறைப்புக்குள் பெண் காவலரே சோதிப்பார். நிகாப் அணிபவர்கள் முகத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். பெண் அதிகாரியிடம் காட்டுவதாகக் கேட்கலாம். ஊசிகள் குறைவாக உள்ள எளிய ஹிஜாப் அன்று வசதி. கடைசியாக, போர்டிங் பாஸில் உள்ள கேட் எண்ணுக்குப் போய் உட்காருங்கள். கேட் எண் மாறக்கூடும், அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு வீல்சேர் வசதி உண்டு. 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். வீல்சேர் தள்ளுபவர் இமிக்ரேஷன், கேட், அங்கே இறங்கிய பின் வாசல் வரை கூடவே வருவார். முழங்கால் வலியோடு மொழியும் தெரியாமல் தவிக்கும் தாய்மார்கள் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். நன்றாக நடப்பவர்கள் இதை எடுத்து, தேவையுள்ளவருக்கு இல்லாமல் செய்யவும் வேண்டாம்.

புதுமணப்பெண்கள் அதிக நகையோடு போனால், திரும்பி வரும்போது கேள்வி எழாமல் இருக்கப் புறப்படும் இடத்திலேயே கஸ்டம்ஸில் காட்டிச் சான்று பெறலாம். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

விமானத்துக்குள்

விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல் மட்டத்தைப் போல இருக்காது, சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் இருக்கும். ஊட்டி ஏறக்குறைய 7,300 அடி. அதாவது பத்து மணி நேரம் ஊட்டியில் உட்கார்ந்திருப்பதுபோல்தான், ஆனால் காற்று மிகவும் வறண்டிருக்கும். ஊட்டி போனாலே மூச்சு வாங்கும் இதய, நுரையீரல் நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் புறப்படக்கூடாது. மற்றவர்கள் தண்ணீரை அடிக்கடி குடித்தால் போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்தால் மிட்டாய் சப்பி எச்சில் விழுங்குங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். கருவுற்றவர்களிடம் பொதுவாக 28 வாரத்துக்குப் பின் டாக்டர் சான்று கேட்பார்கள். 36 வாரத்துக்குப் பின் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள்.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான் இருக்கும். காலி பாட்டில் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் பாதுகாப்புச் சோதனை தாண்டிய பின் நிரப்பிக்கொள்ளலாம். தரையை ஈரமாக்காமல், அடுத்தவருக்குச் சுத்தமாக விட்டு வாருங்கள். உளூ செய்வதென்றால் குறைந்த தண்ணீரில், தரையைத் துடைத்துவிட்டு வர வேண்டும்.

பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. இரண்டு வக்துகளைச் சேர்த்துத் தொழுவதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. புறப்படும் முன் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் டிக்கெட்டையே காட்டி, எந்த வக்தை எங்கே, எப்படித் தொழுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோஹா, துபாய் நிலையங்களில் தொழுமிடம் உண்டு. சிங்கப்பூரிலும் லண்டன் ஹீத்ரோவிலும் எல்லா மதத்தாருக்கும் பொதுவான பிரார்த்தனை அறை உண்டு. வளைகுடா நிறுவனங்களின் விமானங்களில் உணவு ஹலால்தான். மற்ற நிறுவனங்களில் 'முஸ்லிம் மீல்' என்று குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். மலிவுக் கட்டண விமானங்களில் உணவும் சில நேரம் பெட்டியும் டிக்கெட்டில் சேராது, தனியாகக் காசு கட்ட வேண்டும்.

இறங்கிய பின்

நடுவழியில் விமானம் மாறும்போது 'டிரான்ஸ்ஃபர்' என்ற பலகையைப் பின்பற்ற வேண்டும். 'அரைவல்ஸ்' பக்கம் போனால் வெளியே செல்லும் வழி. அடுத்த கேட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் தொழுகை, சாப்பாடு, கடை எல்லாம். அமெரிக்கா போகிறவர்கள், அங்கே முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து கஸ்டம்ஸ் முடித்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

இமிக்ரேஷன் அதிகாரி கேட்பதற்கு மட்டும், உண்மையை, சுருக்கமாகச் சொல்லுங்கள். பேரக் குழந்தையைப் பார்க்க வந்தால் அதையே சொல்லுங்கள். மொழி புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து போகிறவர்கள் வருகைப் படிவத்தை மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் போலி.

அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு பெரும்பாலும் இயங்காது. எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும். அழைப்பு கிடைக்கவில்லை என்று வீட்டில் பதற வேண்டாம்.

புறப்படும் முன் ஓர் ஒத்திகை

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பயணியை உட்கார வைத்துப் பைலை அவர் கையிலேயே கொடுங்கள். நீங்கள் அதிகாரியாகக் கேளுங்கள். எங்கே போகிறீர்கள்? யாரிடம் தங்குவீர்கள்? முகவரி எங்கே எழுதியிருக்கிறது? எத்தனை நாள்? திரும்பும் டிக்கெட் எது? பெட்டியைக் கட்டியது யார்? அதில் என்ன இருக்கிறது? அவரே பைலைத் திறந்து எடுத்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் இருந்து யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. ஒரு பதில் தடுமாறினால் அது இங்கே தடுமாறட்டும்.

ஒரு சிறிய அட்டையில் ஆங்கிலத்தில் இப்படி எழுதிக் கொடுங்கள்: 'நான் தனியாகப் பயணம் செய்கிறேன். எனக்குத் தமிழ் தெரியும். என்னை அழைக்க வருபவர் இவர், எண் இது.' பாஸ்போர்ட், விசா நகல் ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில் இருக்கட்டும். போன் அணைந்தாலும் இவை பேசும்.

வெளிநாட்டில் சிக்கல் ஏற்பட்டால் அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம். மத்திய அரசின் மதத் இணையதளத்தில் புகார் பதியலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு இந்தியாவிலிருந்து அழைக்கும் கட்டணமில்லா எண் 1800 309 3793. விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படும் வாரத்தில் விமான நிறுவனத்தின் தளத்தையும் அந்நாட்டுத் தூதரகத்தின் தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டைப் படிக்கவோ ஏஜென்ட்டின் பதிவைச் சரிபார்க்கவோ வீட்டில் ஆள் இல்லாதவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே காகிதங்களோடு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம், கட்டணம் இல்லை. ஒத்திகையையும் இங்கேயே செய்துகொள்ளலாம்.

பயணம் செய்பவர்கள் அனைவரும் நலமாகப் போய், நலமாகத் திரும்ப அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்